பிரிக்காத பை

மைனஸ் முப்பத்தொன்று.
வேன் கதவின் பிடி கையுறையைப் பிடித்துக்கொண்டு விட மறுக்கிறது.
வென்ட்ஸ் வீட்டுக்கு அடையாளம் சொன்னார்கள்:
பனிக்கு மேலே முதுகு மட்டும் தெரியும்
ஒரு புரொபேன் தொட்டி.

"ஃபர்னஸ் நல்லாத்தான் எரியுது" என்றாள் ஆர்டெல்.
"தலைவலிதான் போக மாட்டேங்குது."
மூன்று வாரமாய் வீடு முழுக்க ஃப்ளூவாம்.
லாரி ஓட்டும் லைலுக்கு
மினாட் தாண்டியதும் தெளிந்துவிடுமாம்,
திரும்பி வந்த இரவே மறுபடி.
பையனுக்குப் பள்ளியில் ஒன்றுமில்லை,
சனி ஞாயிறு மட்டும் வாந்தி.
"இந்த வீடு எங்களுக்கு ஒத்துக்கல போல."
சிரித்தாள்.

என் இடுப்பிலிருந்த மீட்டர்
வாசலிலேயே அலறியது.

கோட்டைத் தேடாதீங்க என்றேன்.
போர்வையோடு பையனைத் தூக்கிக்கொண்டு ஓடினோம்.
வேனில் ஹீட்டர் ஓடிக்கொண்டிருந்தது.
தன்னார்வத் தீயணைப்புக்காரர்கள் வந்து
எல்லா ஜன்னலையும் திறந்து
உள்ளே டகோட்டாவை விட்டார்கள்.
விஷத்துக்கு வாசனை இல்லை;
அது போனதும் வாசனை இல்லாமலே போனது.

பிறகு, ஜன்னல்கள் திறந்தபடி,
மீட்டரைக் கையில் பிடித்துக்கொண்டு
ஒரு நிமிடம் மட்டும் எரியவிட்டுப் பார்த்தேன்.
மஞ்சள்.
உயரமாய், சோம்பலாய்,
எதன்மீதும் கோபமில்லாத சுடர்.
நல்ல தீ நீலமாய் இருக்கும்,
குட்டையாய், கறாராய்.
இதுவோ தகட்டில் கரிக்கோலம் போட்டிருந்தது.

நகரத்தில் இடித்த வீட்டிலிருந்து
லைலின் மைத்துனன் டர்வுட்
சும்மா கிடைத்ததென்று கொண்டுவந்து மாட்டியது.
அங்கே தெருவுக்கடியில் ஓடிவரும் வாயு மெலிந்தது,
அதற்கு அகன்ற துளை, இளகிய அழுத்தம்.
தொட்டி வாயு கொழுத்தது.
குறுகிய துளை வழியே, இறுகிய அழுத்தத்தில்
கொஞ்சம் கொஞ்சமாய் ஊட்ட வேண்டும்.
பழைய துளையிலேயே இதைத் திறந்துவிட்டால்
தீ விழுங்க முடியாமல் விழுங்கி
மெல்லாததைத் துப்பும்.
துப்பியதைத்தான் மூன்று வாரமாய்
இந்த வீடு சுவாசித்தது.
துளைக்கும் துளைக்கும் இடையே மயிரிழைதான்.

உள்கதவின் பின்பக்கம்
டேப் போட்டு ஒட்டியிருந்தது ஒரு பை.
நான்கு பித்தளைத் துளைகள்,
ஒரு ஸ்பிரிங்,
ஒரு ஸ்டிக்கர்: மாற்றியவர் பெயர், தேதி, கையொப்பம்.
பிரிக்கவேயில்லை.
மருந்து பக்கத்திலேயே தொங்கியபடி.

மாட்டினேன். ஸ்பிரிங்கை மாற்றினேன்.
மானோமீட்டரில் பத்து அங்குலம்
வரும்வரை திருகினேன்.
சோப்பு நீர் தடவிய மூட்டுகளில்
குமிழ் எழுகிறதா என்று முழங்காலிட்டுக் காத்திருந்தேன்.
வெளியே போய்க் குழாய்வாயில் பனியைக் குடைந்தெடுத்தேன்.
ஆர்டெலுக்கு இதை மட்டும் சொன்னேன்:
இந்த வாயு கசிந்தால் மேலே போகாது,
அடித்தள அறைத் தரையில்
நாய் படுக்கும் உயரத்தில் படுத்திருக்கும்.
அழுகிய முட்டை நாற்றம் வந்தால்
விளக்குப் பொத்தானைக்கூடத் தொடாதீங்க,
வெளியே போய்ப் போன் பண்ணுங்க.
"எங்க நாய் ஒரு மாசமா அங்க படுக்கிறதில்ல" என்றாள்.
அதற்கு என்னிடம் பதில் இல்லை.

நீலம்.
நான்கு வாயிலும் ஒரே உறுமல்.
கையொப்பம் போடப் பேனா உறைந்திருந்தது;
வாயில் வைத்துச் சூடாக்கி
கிரெச்சன் ஹௌக் என்று எழுதினேன்.
வருடத்தின் கடைசி எண் கோணிக்கொண்டது.

டர்வுட் பாதையில் நின்றிருந்தான்,
லாரியை அணைக்காமல்.
"சூடு வந்துச்சு. சரியா இருக்குன்னு நெனச்சேன்."
கொஞ்ச நேரம் கழித்து:
"பழசை என்ன பண்ணுவீங்க?"

நீட்டிய கையில் கொட்டினேன்.
நான்கும் என் பாக்கெட்டில் கிடந்து
இன்னும் வெதுவெதுப்பாய் இருந்தன.
அவன் விரல்களை மூடவில்லை.
மேலே பனி விழுந்துகொண்டிருந்தது.